தாய்மாமன் சீருக்கு மேலே பறந்த டிரோன்

போன ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒத்தக்கடை மண்டபத்தில் என் பேத்திக்குக் காதுகுத்து. தாய்மாமன் என் மகன். அரசு வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் நன்னடத்தை விசாரணை முடிந்தால் பணி ஆணை என்று காத்திருந்தான். அந்த நேரத்தில் பெயரில் ஒரு வழக்கு விழுந்தால் எல்லாம் போச்சு.

பொழுதுபோக்குக்கு ஒரு சின்ன டிரோன் வைத்திருந்தான். சீர் கொண்டுபோவதை அதில் படம் எடுக்க ஆசை. நான் விதிகளை முழுக்கப் படித்தேன். வணிகத்துக்கு இல்லாத சிறிய டிரோனுக்கு உரிமம் வேண்டாம். பதிவு எண் வேண்டும். அவன் பெயரிலேயே பதியவைத்து, எண்ணை அதன் அடிப்பக்கம் ஒட்டச் சொன்னேன். எங்கே டிரோன் விடலாம் என்று காட்டும் அரசு வரைபடத்தில் மண்டபம் பச்சைப் பகுதியில் இருந்தது. அனுமதி கேட்க வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி ஓர் அரசு வளாகத்தைச் சுற்றிச் சிவப்பு. அங்கே பறக்கவிடக் கூடாது.

அன்று காலை என் மனைவியின் அண்ணன் திட்டத்தை மாற்றினார்.

"மண்டபத்து வாசல்லருந்து நாலு எட்டு நடந்தா யாரு மாப்ள பாக்குறது? மெயின் ரோட்டுப் பிள்ளையார் கோயில்லருந்து போவோம். தாய்மாமன் சீரு எம்புட்டுன்னு ஊரு பாக்கட்டும்."

கொட்டு முழங்கியது. மகன் டிரோனைத் தன்னைப் பின்தொடரும்படி பறக்கவிட்டு, கழுத்தில் மாலையோடு முன்னால் நடந்தான். பாதி வழியில் ஏதோ உறுத்த, கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தேன். நாங்கள் நின்ற இடம் சிவப்பு.

கூட்டத்தை விலக்கி அவன் காதருகே போய், "சிவப்புக்குள்ள வந்துட்டோம், இறக்குடா" என்றேன்.

"எங்கப்பா இறக்க? கீழ அம்புட்டுப் பேரும் நிக்கிறாக. சரவெடி வேற." அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

மைத்துனர் அவனைப் பார்த்துச் சிரித்தார். "என்ன மாப்ள, சீர் செலவு இப்பத்தான் உறைக்குதா? மூஞ்சி வெளுத்துப்போச்சு!"

அப்போது போலீஸ் ஜீப் ஒன்று ஓரமாக நின்றது. இறங்கியவர் எங்களைப் பார்க்கவில்லை, அண்ணாந்து பார்த்தார்.

"யாரோடது இது?"

"என்னோடது சார்" என்று முந்திக்கொண்டேன்.

"அப்ப நீங்களே இறக்குங்க."

எனக்கு இறக்கத் தெரியாது. கொட்டு நின்றது. கூட்டம் ஒதுங்க, மகன் என்னிடமிருந்து ரிமோட்டை வாங்குவது போலக்கூட நடிக்காமல், தன்னிடமிருந்த ரிமோட்டாலேயே நேராக இறக்கினான். காவலர் டிரோனைப் புரட்டி, எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்.

"நம்பரெல்லாம் ஒழுங்கா இருக்கே. யாரு பேர்ல இருக்குன்னு நாங்க பாத்துக்கிறோம். ரோட்ட அடைக்காமப் போங்க."

வழக்கு என்றும் சொல்லவில்லை, விட்டேன் என்றும் சொல்லவில்லை. ஜீப் போனது. கொட்டு மறுபடி தொடங்கியது.

மண்டபத்தில் பேத்தியைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்தார்கள். குழந்தை அசையாமலிருக்க அவன்தான் அதன் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் கை நடுங்கியதைப் பார்த்த ஆசாரி, ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "வேற யாராச்சும் பிடிங்கண்ணே" என்றார்.

இன்றுவரை அந்த நன்னடத்தை விசாரணைக்கு யாரும் வரவில்லை. வாசலில் பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டால், அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான்.