வெர்னெல் அம்மா பேரில் வரும் கடிதம்

நம்பினால் நம்புங்கள். நடந்தது பிப்ரவரி பதினொன்றாம் தேதி, அமெரிக்காவின் டொலீடோ நகரில், வெளிச்சம் இருக்கும்போதே. நான் குடித்திருக்கவில்லை.

தவணை கட்ட முடியாமல் திணறுபவர்களின் வீட்டை வாங்குவது என் தொழில். வங்கிக் கடன் விற்றவர் பேரிலேயே இருக்கும். மாதத் தவணையை நான் கட்டுவேன். பிறகு வீட்டை லாபத்துக்கு, தவணை முறையில், வேறொருவருக்கு விற்றுவிடுவேன்; பழைய கடன் அப்படியே ஓடும். அப்படித்தான் வெர்னெல் டப்ஸ் அம்மாவின் வீட்டையும் வாங்கினேன். கணவரை இழந்தவர். கையெழுத்துப் போடும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வீடு போனாப் போகுது டுவைட். பேங்க்ல என் பேரைக் கெடுத்துடாத. வாடகைக்கு எடம் கேட்டா அதைத்தான் மொதல்ல பாப்பாங்க."

"என் பேரை விட உங்க பேரைப் பத்திரமாப் பாத்துக்கறேன்மா."

"வாய்ல சர்க்கரைதான் உனக்கு."

கூரை ஒழுகியது. அதற்குச் செலவழித்துவிட்டு இரண்டு தவணையை விட்டேன். விற்றதும் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பு. வங்கியில் முகவரியைக்கூட மாற்றவில்லை. எச்சரிக்கைக் கடிதங்கள் கதவுத் துளை வழியே பூட்டிய வீட்டுக்குள் விழுந்து கிடந்தன.

வாங்க வருபவர்களுக்காகச் சுத்தம் செய்யப் போனேன். மணி 4:10. ஹீட்டர் ஓடவில்லை. ஆனால் சமையலறை ஜன்னலில் உள்பக்கம் யாரோ மூச்சு விட்டதுபோல் ஆவி படிந்திருந்தது...

கதவடியில் சிதறிக் கிடந்திருக்க வேண்டிய கடிதங்கள் சமையல் மேடைமேல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் பிரிக்கப்பட்டிருந்தன.

4:16. பின்கதவில் டக்... டக்... டக்.

வெர்னெல் அம்மா. வெளியே பனி கொட்டுகிறது. அவர் கோட்டில் ஒரு துளிப் பனிகூட இல்லை.

"நாலு எடத்துல கேட்டேன். பேரு சரியில்லன்னு தொரத்திட்டாங்க."

"இப்பவே கட்டிடறேன்மா..."

"கார்லதான் தூங்கறேன். ரொம்பக் குளுருதுப்பா."

போனை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தேன்.

யாரும் இல்லை.

பனியில் கால்தடமும் இல்லை.

4:22க்கு இரண்டு தவணையையும் கட்டினேன். அவரை அழைத்தேன். எடுத்தது ஒரு போலீஸ்காரர். ஒரு கடை முன்னால் நின்ற காருக்குள், விறைத்துப்போயிருந்த அவரை அன்று காலையில் கண்டெடுத்திருக்கிறார்கள். உயிர் போனது முந்தின இரவு. அந்த வெறும் தரையில் உட்கார்ந்து கதறி அழுதேன். குளிர் மேல் பழி போட எனக்கு வாய் வரவில்லை.

பத்து நாள் கழித்து என் வீட்டுக்கு வங்கிக் கடிதம் வந்தது. உறையில் வெர்னெல் அம்மா பேர். 'பிப்ரவரி 11, மாலை 4:19க்கு நீங்கள் தொலைபேசியில் கேட்டபடி உங்கள் முகவரியை மாற்றிவிட்டோம்.'

என் வீட்டு முகவரியை அவரிடம் நான் சொன்னதே இல்லை.

வீட்டை விற்றுவிட்டேன். கடன் இன்னும் பதினேழு வருடம், அவர் பேரில்தான். மாதாமாதம் கடிதம் என் வாசலுக்கு வருகிறது. ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறேன். இப்போது அவர் பேர் சுத்தமாக இருக்கிறது. வீடு கேட்கத்தான் அவர் இல்லை.