கரும்பச்சை வார்டு

காய்கறிக் கடையில் தராசுத் தட்டின் அடியில் கைவிட்டுத் தடவிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. பால் பாக்கெட்டைத் தேதி பார்த்து வாங்கிவந்த பிறகும் வீட்டில் ஒருமுறை முகர்ந்து பார்ப்பேன். "போலீஸுல சேர வேண்டியவ, தப்பிப்போயி குப்பைக்கு வந்துட்ட" என்பார் என் கணவர். என்னுடையது குப்பை அள்ளுகிற வேலை இல்லை. மக்குவதைத் தனியாகவும் மக்காததைத் தனியாகவும் பிரித்துக் கொடுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்கிற ஒப்பந்த வேலை. அடையாள அட்டையில் பரப்புரையாளர் என்று இருக்கும். தெருவில் என்னைக் குப்பைக்கார மேடம் என்பார்கள்.

சந்தேகம் எனக்குப் பிறந்த ஊரிலிருந்து வந்தது. நான் கம்மாபுரம் பக்கம். அங்கே யாராவது டேப்பும் காகிதமுமாக வயலில் இறங்கினால் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அளந்தால் அடுத்து நிலக்கரிச் சுரங்கம், சுரங்கம் என்றால் வேறு இடத்துக்கு மூட்டை கட்ட வேண்டும். கல்யாணமாகி, பீங்கான் பொம்மை செய்கிற இந்த ஊருக்கு வந்து இருபது வருடமாகியும், கையில் காகிதத்தோடு யாராவது வந்தால் நானும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். அப்படிப்பட்ட என் கையிலேயே ஒருநாள் காகிதத்தைக் கொடுத்தார்கள்.

அலுவலகத்தில் எங்களை எல்லாம் கூப்பிட்டு, குப்பைக்குத் திட்டம் போட ஒரு கருவி வந்திருக்கிறது என்றார்கள். ஏதோ இயந்திரம் என்று எட்டிப் பார்த்தால், லேப்டாப்பில் கட்டம் கட்டமாக ஒரு பக்கம், பக்கத்தில் எங்கள் ஊர் மேப். திட்டம் போடும் நிறுவனத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்திருந்தார். எந்த வார்டில் என்ன குப்பை எவ்வளவு சேருகிறது என்று எடை போட்டு எழுதிக் கொடுத்தால், எத்தனை வண்டி வேண்டும், உரம் தயாரிக்கும் ஷெட்டை எங்கே போட வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுமாம்.

"இதுக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்க கிடையாதுங்க. நீங்க குடுக்குற கணக்கு மட்டும்தான்" என்றார்.

"ஆளு எத்தினி பேரு போதும்னும் அதுவே சொல்லிடுமா?" என்று கேட்டேன்.

"சொல்லுமே" என்று சிரித்தார். அன்றிலிருந்து அந்த லேப்டாப்பைக் கண்டாலே எனக்கு ஆகவில்லை.

எடை போட இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். என் வார்டுக்கு என்னோடு வந்தவர், அங்கே குப்பை வண்டி தள்ளுகிற திட்டக்குடிப் பக்கத்து அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். அதிகம் பேசாதவர்கள்மேல் எனக்கு எப்போதும் ஒரு கண் இருக்கும். முதல் நாள் அவர்தான் எழுத ஆரம்பித்தார். எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது. நாளைக்கு ஏதாவது தப்பானால் என் தலையில் விழும் என்று, "நீங்க தராச புடிங்கக்கா, நான் எழுதுறேன்" என்று படிவத்தை வாங்கிக்கொண்டேன். ஒரு வாரம் தெருத் தெருவாக அவர் தராசைத் தூக்கிப் பிடிக்க, நான் எழுதினேன்.

ஒரு மாதம் கழித்து மேப் வந்தது. மக்குகிற ஈரக் குப்பை எவ்வளவு அதிகமோ அவ்வளவு பச்சை என்று விளக்கினார்கள். காய்கறி மார்க்கெட் இருக்கும் வார்டு இளம்பச்சை. எங்கள் வார்டு கரும்பச்சை. ஆகவே உர ஷெட் எங்கள் வார்டில், பீங்கான் ஷெட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் புறம்போக்குத் திடலில்.

அந்தத் திடலில்தான் என் நாத்தனார் பொம்மை காயவைக்கிறாள். தன் கணவர் இறந்த பிறகு, ஒரு சின்ன ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, இரண்டு பெண்களைக் கூட வைத்துக்கொண்டு பிள்ளையாரும் யானையும் வார்க்கிறாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையை வெயிலும் காற்றும் பட நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தோடு சூளைக்குள் போனால் வெடித்துவிடும். அவளுடைய ஷெட்டுக்குள் கட்டில் போடக்கூட இடமில்லை. திடல் போனால் அவளுடைய தொழில் போயிற்று. அவளும் அவள் பெண்ணும் எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். வரட்டும், அதில் ஒன்றுமில்லை. ஆனால் யார் தயவிலும் நிற்கமாட்டேன் என்று ஷெட் பிடித்தவள் அவள்.

எனக்கு மண்டை குடைந்தது. எங்கள் வார்டில் மொத்தமே நான்கு தெரு. கல்யாண மண்டபம் இல்லை. உருப்படியாக ஓர் ஓட்டல் இல்லை. டீக்கடையில் வடைகூட மிஞ்சாது. இங்கே எப்படி மார்க்கெட்டைவிட ஈரக் குப்பை அதிகமாகும்? கருவிக்கு வேண்டியவர் வேண்டாதவர் இல்லை என்றால், வேண்டியவர் யாரோ அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். திடலின்மேல் எவருக்கோ கண். மார்க்கெட்காரர்கள் ஷெட் வேண்டாம் என்று இங்கே தள்ளிவிட்டிருக்கலாம். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். எல்லா முகமும் பொருந்தியது.

இரண்டு நாள் கழித்து திடல் பக்கம் போனபோது, அந்த இளம்பெண்ணின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அக்கா வந்து இறங்கியதைப் பார்த்தேன். இறங்கி, இந்த மூலையையும் அந்த மூலையையும் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் போனில் படம் எடுத்தார். என்னைப் பார்த்ததும் அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கே நாத்தனாரிடம் போய், "திட்டக்குடிக்காரிதான் நம்ம எடத்த காட்டிக் குடுத்துட்டா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றேன்.

"ஏன் அண்ணி, அவங்க நல்லவங்களாச்சே? போன மாசம் எங்கூட உக்காந்து யானைக்குக் காது ஒட்டிக் குடுத்தாங்களே?"

"அதுக்குத்தான் வந்து உக்காந்திருக்கா. எடம் பாக்க."

நாத்தனார் வெகுளி. அவளுக்கு ஒருவரைத் தப்பாக நினைக்கவே வராது. நான் விடவில்லை. இன்னாருக்கு இது லாபம், இன்னாருக்கு அது லாபம், சும்மா யாரும் எதுவும் செய்யமாட்டார்கள் என்று நாள்தோறும் சொன்னேன். தெருவிலும் சொன்னேன். பத்து நாளில் அக்கா விசில் ஊதினால் யாரும் கதவைத் திறப்பதில்லை. வெயிலில் நின்று ஒரு வாசலில் தண்ணீர் கேட்டதற்கு, "மோட்டரு ஓடல" என்று சொல்லிவிட்டார்களாம். மாடித் தொட்டி அப்போது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்த மாதக் கடைசியில் அவர் பஸ் ஸ்டாண்டு வார்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். குற்றமுள்ள நெஞ்சுதான் ஓடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை காலை, சமுதாயக் கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். தெருவே வந்திருந்தது. அந்தப் பெண் சுவரில் மேப்பைக் காட்டி ஆரம்பித்ததும் நான் எழுந்துவிட்டேன்.

"எங்க வார்டு எப்படி இவ்ளோ பச்ச? என்னா குப்ப, எங்கேருந்து வந்துது? அத மொதல்ல காட்டுங்க."

அவர் எங்கள் வார்டைத் தொட்டுத் திறந்தார். "சாப்பாட்டு மிச்சம், காய்கறி எல்லாம் கம்மிதாங்க. பேக்கரி ஐட்டம்தான் மலை மாதிரி இருக்கு. இங்க பிஸ்கட் கம்பெனி எத்தன இருக்குதுங்க?"

பின்னால் ஒருவர் சிரித்தார். நாத்தனார் எழுந்து, "எல்லாமே பிஸ்கட் கம்பெனிதாங்க மேடம். ஆனா திங்க முடியாது" என்றாள்.

எங்கள் தெருவில், பொம்மையை ஒருமுறை சூளையில் வைத்து எடுத்தால் அதற்குப் பெயர் பிஸ்கட். வண்ணமோ மினுமினுப்போ ஏறாத வெள்ளைப் பொருள். பிஸ்கட்டில் கீறல் விட்டால் அது உடைசல், மூட்டை கட்டி வெளியே போட்டுவிடுவார்கள். தின்கிற பிஸ்கட் எங்களுக்கு இரண்டாவதாகத்தான் ஞாபகம் வரும். நாத்தனார் ஓடிப்போய்த் தும்பிக்கை உடைந்த பிள்ளையார் ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அந்தப் பெண் அதை நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"இதையா மக்கும் குப்பைல சேத்திருக்கோம்?" என்று, எங்கள் படிவத்தைத் திரையில் போட்டார். வரிசையாகப் பிஸ்கட், பிஸ்கட், பிஸ்கட், எதிரே எடை. பி-யின் கொக்கியை நீளமாக இழுக்கிற என் கையெழுத்து. கட்டம் சின்னதாக இருந்ததால் உடைசல் என்ற சொல்லை விட்டுவிட்டிருக்கிறேன். எங்கோ உட்கார்ந்து அதைக் கருவியில் ஏற்றியவர், படித்தபடி உணவோடு சேர்த்திருக்கிறார். அவர் வேறு என்ன செய்வார்?

"திட்டக்குடிக்காரி எழுதுனதா இருக்கும். நம்ம பாஷ அவளுக்கு என்னா தெரியும்!" என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தப் பெண் பிஸ்கட்டை ஒரு பட்டியலிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைத்தார். எங்கள் வார்டின் பச்சை எங்கள் கண்ணெதிரே வெளுத்துப் போனது. உர ஷெட் மார்க்கெட் பக்கம் நகர்ந்தது. நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் செய்தது எனக்கே அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். திட்டக்குடி பஸ் நிற்கிற இடத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று சொன்னார். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டே, "அக்கா, அந்த ஃபாரத்துல தப்பா எழுதுனது நான்தான்" என்றேன்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"மேப்பு வந்த அன்னிக்கே. அந்தப் பொண்ணுகிட்ட உக்காந்து எல்லாத்தையும் பொரட்டிப் பாத்தேன். எழுதுனது தப்புன்னு சொன்னா, யாரு எழுதுனதும்பாங்க. நம்ம வேலையெல்லாம் ஒரு போன்ல போயிடும். அதான் எழுத்தப் பத்திப் பேசாம, நேருல வந்து எடத்தப் பாரும்மா, இங்க ஏது ஈரக் குப்பன்னு வண்டில கூட்டியாந்தேன். கூட்டம் போட்டு ஜனங்களையே கேளுன்னதும் நான்தான்."

திடலில் அன்று அக்கா கை நீட்டிக் காட்டியது, காய்ந்துகொண்டிருந்த பொம்மைகளை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியா?"

அவர் என்னைத் திட்டவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது என் புத்தி சும்மா இருக்கவில்லை. இவ்வளவும் எனக்காக இவர் ஏன் செய்தார், நாளைக்கு என்ன கேட்கப் போகிறார் என்று ஒரு பத்தடி தூரம் யோசித்தது. பிறகு என்மீதே எனக்குக் கோபம் வந்தது.

நேராக நாத்தனாரின் ஷெட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியது நான், பழி சுமந்தது அக்கா, திடலைக் காப்பாற்றியதும் அக்கா. மறைக்காமல் சொன்னேன். அழுவாள், ஓடிப்போய் அக்காவைக் கூட்டி வருவாள் என்று நினைத்தேன். அவள் அச்சின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே யோசித்தாள்.

"வேலய காப்பாத்த, தெருவே பேசுனதெல்லாம் கேட்டுகிட்டு ஒருத்தி வாய மூடிகிட்டு இருப்பாளா அண்ணி? சும்மாவா? இதுல அவளுக்கு என்னமோ இருக்குது. நீங்க ஏமாந்துடாதீங்க."

இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் ஒன்றையும் நம்பவில்லை. நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை ஒரு வரி விடாமல் எனக்கே ஒப்பித்தாள்.