ஃபோர்க்லிஃப்ட்டின் எடைக்கல்

கிடங்கில் அவரை எல்லோரும் ‘எடைக்கல்’ என்றே அழைத்தனர். மூட்டை அடுக்குவது அவருடைய வேலை. ஃபோர்க்லிஃப்ட்டின் முதுகில் ஏறி நிற்பது அவருடைய பதவி. அந்த வண்டி தன் சக்திக்கு மீறிய பாரத்தை முன்னால் தூக்கினால், பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பிவிடும். பெரிய வண்டி வாங்குவது செலவு. பெரிய உடம்போ ஏற்கெனவே சம்பளத்தில் இருந்தது. ஆகவே மேற்பார்வையாளர், “யோவ் எடைக்கல், ஏறுய்யா!” என்று குரல் கொடுப்பார்.

அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. உடம்பைக் குறைக்கச் சொல்லி மனைவி நச்சரித்தால், “இது கம்பெனி சொத்துடி” என்று சொல்லி இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார்.

ஒரு நாள் வண்டி திரும்பிய வேகத்தில் கம்பெனி சொத்து கீழே விழுந்தது. பின்சக்கரம் வலது பாதத்தின் மேல் ஏறி இறங்கியது.

“அவராத்தான் விளையாட்டா ஏறினாரு” என்று மேற்பார்வையாளர் நிர்வாகத்துக்குத் தெரிவித்தார். விளையாட்டு என்றால் அது வேலையில் பட்ட காயமாகாது; சிகிச்சைச் செலவும் கிடையாது, திரும்ப வேலையும் கிடையாது.

“இத்தனை வருஷமா விளையாடவா போனீங்க?” என்று கேட்ட மனைவி, நேராகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் முறையிட்டாள்.

விசாரிக்க ஆய்வாளர் அம்மையார் ஒருவர் வந்தார். எடைக்கல்லும் ஊன்றுகோலுடன் வந்து நின்றார்.

“ஆளுங்க வண்டியில ஏறுற பழக்கமே இங்க இல்ல மேடம்” என்று மேற்பார்வையாளர் சாதித்தார்.

“சரி, அன்னைக்குத் தூக்கின அதே பாரத்தைத் தூக்கிக் காட்டுங்க.”

ஓட்டுநர் நெம்புகோலை இழுத்தார். பாரம் எழுந்தது, கூடவே வண்டியின் பின்புறமும் எழுந்தது.

“எவனாவது ஏறுங்கடா!” என்று மேற்பார்வையாளர் அலறினார். தொழிலாளர் அனைவரும் விதிமுறைக்குக் கட்டுப்பட்டு, கைகட்டி நின்றனர். சரக்கு கவிழ்ந்துவிடுமே என்ற பதற்றத்தில் அவரே தாவி ஏறினார். ஒல்லியான உடம்பு, வண்டி அசைந்து கொடுக்கவில்லை. கால்கள் அந்தரத்தில் ஆட, அவர் தொங்கினார்.

“சார், நீங்க பத்தாது!” என்றது ஒரு குரல்.

ஓட்டுநர் மெல்லப் பாரத்தை இறக்கினார்.

“பார்த்து இறங்குங்க” என்றார் அம்மையார். “பழக்கம் இல்லாதவரு, விழுந்துடப் போறீங்க.”

காயம் வேலையில் பட்டதே என்று முடிவாயிற்று. நிர்வாகம் செலவை ஏற்று, எடைக்கல்லுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலையும் கொடுத்தது. கோணிய பாதம் மட்டும் கோணியபடியே இருக்கிறது. அதற்கு உத்தரவு போட அம்மையாருக்கு அதிகாரம் இல்லை.