வேறொருவர் பேரில் ஓடிய கார்

எங்கள் கார் செத்துவிட்டது என்று சொன்னால் என் மனைவிக்குக் கோபம் வரும். "களைச்சுப் போச்சுங்க, அவ்வளவுதான்" என்பாள். கம்பளையைத் தாண்டி புசல்லாவை ஏற்றம் தொடங்கியதும் அந்தச் சனியனுக்குக் களைப்பு வந்துவிடும். என்ஜின் கொதித்து, பொனட் இடுக்கால் ஆவி கிளம்பும். நான் தண்ணீர்ப் போத்தலோடு தெருவோரத்தில் நிற்பேன். பின்னால் வரும் பஸ்காரன் ஹோர்ன் அடித்தே என் பரம்பரையைத் திட்டிவிட்டுப் போவான்.

அவள் புசல்லாவையில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்ததிலிருந்து பஸ் படி ஏற முடியாது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து அவளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவதுதான் ஓய்வுபெற்ற எனக்கு மிஞ்சிய உத்தியோகம். இந்த விடுமுறை முடிவதற்குள் வேறு கார் வராவிட்டால் வேலையை விட்டுவிடுவதாக அவள் சொல்லிவிட்டாள். சாதாரணதரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகளைப் பாதியில் விட வேண்டுமே என்று குசினிக்குள் அடுப்படியில் நின்று அவள் அழுததை நான் பார்த்தேன். பாடசாலை திறக்கப் பத்து நாள் இருந்தது.

அழுத கையோடு ஆசீர்வாதங்களை எண்ணத் தொடங்கிவிடுவாள். அதுதான் எனக்குப் பொறுக்காது. கார் ஒரு கராஜுக்கு எதிரே நின்றுபோனால், "பாத்தீங்களா, கடவுள் எங்க கொண்டு வந்து நிப்பாட்டியிருக்காருன்னு" என்பாள். அந்தக் கடவுள் நிப்பாட்டாமலே விட்டிருக்கலாமே என்று கேட்டால், கராஜ்காரனைக் கூப்பிடத் தொடங்கிவிடுவாள். டேஷ்போர்டில் ஒரு பிள்ளையார். கண்ணாடியில் பௌத்த விகாரையில் யாரோ கட்டிய பிரித் நூல். பின்கண்ணாடியில் எங்களுக்கு முன்னால் யாரோ ஒட்டிய அரபு எழுத்து ஸ்டிக்கர். சுரண்டி எடுக்கப் போனேன், "அதுவும் சாமி பேருதானேங்க" என்று தடுத்துவிட்டாள். இத்தனை பேர் காவல் இருந்தும் ரேடியேட்டர் ஒழுகுவது நிற்கவில்லை.

கண்டியில் பழைய கார் விற்கிற இடத்துக்குப் போனோம். அங்கே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வியாபாரி. பத்து வருடம் ஓடிய ஒரு குட்டிக் காரைக் காட்டி, ஏதோ தன் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுகிற மாதிரிப் பேசினான். ஒரு டொக்டர் மட்டுமே ஓட்டினாராம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓட்டினாராம். இந்த நாட்டில் விற்பனைக்கு வருகிற எல்லாக் காரையும் ஞாயிற்றுக்கிழமை டொக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். வாரநாட்களில் அவர்கள் எப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்களோ தெரியாது.

ஆனால் கார் நன்றாகத்தான் இருந்தது. அவள் காலை அதிகம் மடக்காமல் ஏறி உட்கார்ந்தாள். எங்கள் பழைய காரையும் கொடுத்தால்தான் கணக்குச் சரியாகும். வியாபாரி அதைச் சுற்றி வந்து, டயரைக் காலால் தட்டி, "சரி, இதையும் வச்சிக்கிறேன் சேர்" என்று எனக்கு உயிர்ப்பிச்சை போடுகிற மாதிரிச் சொன்னான். பிறகு பதிவுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தான்.

"இது யாரு பேரு சேர்?"

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் அந்தக் காரை ஒரு தரகரிடம் 'ஓப்பன் பேப்பரில்' வாங்கினேன். எங்கள் ஊரில் இது சர்வசாதாரணம். பழைய சொந்தக்காரர் பெயர்மாற்றப் பத்திரத்தில் கையெழுத்து மட்டும் போட்டுத் தருவார், வாங்குபவரின் இடம் வெறுமையாக இருக்கும். வாங்குகிறவர் அதை அலுமாரியில் வைத்துவிட்டுக் காரை ஓட்டுவார். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நானும் இருபது வருடம் ஓட்டினேன். முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து, ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் மலையிலிருந்து இறங்கி வந்த சனங்களைத் திருப்பி அனுப்பியவன் நான்.

"இந்தப் பழைய பேப்பர் இப்பச் செல்லாது. சொந்தக்காரரே புதுப் பேப்பரில கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டைக் கொப்பியும் தரணும்" என்றான் வியாபாரி. "வர்ற வெள்ளிக்குள்ள கொண்டு வாங்க. இல்லாட்டி இந்தக் காரை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

புத்தகத்தில் இருந்தது ஒரு முஸ்லிம் பெயரும் மடவளையில் ஒரு முகவரியும். மறுநாள் காலை கிளம்பினோம். வழியெல்லாம் நான் புலம்பிக்கொண்டே போனேன். "அந்த ஆள் நம்ம கழுத்தைப் பிடிச்சிட்டான்னு தெரிஞ்சா விடுவானா? நல்லாக் கறப்பான் பாரு. மடவளை வியாபாரிக் குடும்பம் வேற."

"நல்ல மனுசராத்தாங்க இருப்பாரு" என்றாள். "பள்ளிக்கூடம் தொறக்குறதுக்கு முன்னாடியே தெரிய வந்திச்சே, அதுவே ஒரு ஆசீர்வாதம்."

"உனக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆசீர்வாதம்தான்" என்றேன். அவளை நோகடித்தது தெரிந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அந்த முகவரியில் இப்போது மாடிவீடு. வேறு யாரோ இருந்தார்கள். பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டோம். பின்பக்கத்து ஒழுங்கையைக் காட்டினார்கள். இரண்டு அறை, தகரக் கூரை, வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் எழுபத்தைந்து எண்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளைத் தொப்பியோடு, பழைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். கறக்கப்போகிறவரை நான் வேறு மாதிரிக் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

"நானா, உங்க பேர்ல இருந்த ஒரு கார் விஷயமா வந்தோம்" என்றேன், அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற முறையில்.

ஊசி அப்படியே நின்றது. காரின் இலக்கத்தை, ஒரு எண் பிசகாமல், அவரே சொன்னார்.

"அந்தக் காரா?"

"ஓம் நானா, அதுதான்."

"யா அல்லாஹ்! ஒங்களத்தானே தம்பி நான் ரெண்டு வருசமாத் தேடுற!"

உள்ளே கூப்பிட்டு இருத்தினார். திரைக்குப் பின்னால் கட்டிலில் அவருடைய மனைவி பாரிச வாதத்தோடு படுத்திருந்தார். கிழவர் சாவகாசமாகத்தான் கதையைச் சொன்னார். கடை போயிட்டு, வீடு போயிட்டு, பிள்ளைகளும் இல்லை. அரசாங்கம் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு மாதாமாதம் கொடுக்கிற உதவிக்கு, ஊர்ப் பொறுப்பான கிராம சேவகர் மூலம் எழுதிப்போட்டார்கள். கிடைத்தால் மனைவியின் மருந்துக்காவது ஆகும் என்று.

"கிராம சேவகர் நல்ல மனுசன் தம்பி. அவர் என்ன செய்ய? 'நானா, ஒங்கட பேர்ல கார் ஒண்டு ஈக்கிது, கார் ஈக்கிறவங்களுக்கு இது கெடைக்காது' எண்டு சென்னார். வித்த எண்டு சென்னன். யாருக்கு வித்த எண்டு கேட்டாங்க. நான் தரகருக்குத்தானே குடுத்த. அவர் மௌத்தாகி அடக்கம் செஞ்சே எட்டு வருசம். காரு யார்ட கையில ஈக்கிதெண்டு எனக்கு எங்க தெரியும்?" அவர் சிரித்தார். "ஊர்ல எனக்கு இப்பப் பட்டம் வேற, கார் முதலாளி."

நான் தலையைத் தூக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த வியாபாரியை இளக்காரம் பண்ணினேன், பஸ்காரனைத் திட்டினேன், கட்டிய மனைவியைக் குத்திக் காட்டினேன். கடைசியில் பார்த்தால் இத்தனை பேரிலும் கேவலமானவன் நான்தான். அரைநாள் லீவு போட்டிருந்தால் முடிந்திருக்கிற வேலை. அதைச் செய்யாமல், ஒரு நோயாளிப் பெண்ணின் மருந்துக்கு மேலே இரண்டு வருடமாகக் காரை நிறுத்தி வைத்திருந்திருக்கிறேன். அதில் என் கொழுப்பைத் தவிர வேறு காரணம் கிடையாது.

வியாபாரி தந்திருந்த புதுப் பத்திரத்தை நீட்டினேன். பேனாவைப் பிடிக்க முதல் அவர் சட்டைக் கையில் விரலைத் துடைத்துக்கொண்டார். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். அடையாள அட்டையின் கொப்பி தலையணைக்கு அடியில் தயாராக இருந்தது. ஒன்றல்ல, நாலைந்து இருந்தன. ஒவ்வொரு கந்தோருக்கும் கொண்டுபோவதற்காக எடுத்து வைத்தவையாம். எங்களிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. பெயர் மாறியதும் அந்தப் பத்திரத்தின் கொப்பி ஒன்று கொண்டுவந்து தர முடியுமா என்று மட்டும் கேட்டார், அதுவும் தயங்கித் தயங்கி.

"நானே கொண்டு வாறேன்" என்றேன். "கிராம சேவகரிட்டயும் உங்களோட நானே வாறேன்." அதற்கு மேல் வைத்திருக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "நானா, பிழை என்னுடையது. பேர் மாத்தணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மாத்தாம இருந்தேன். மன்னிச்சிருங்க."

என் மனைவி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்ததில்லை.

கிழவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. திரைப்பக்கம் திரும்பி, "இந்தா, கேட்டீங்களா? கார்க்காரர் வந்திட்டார்! நாங்க கையேந்திக் கேட்ட துஆவ அல்லாஹ் ஏத்துக் கபூல் செஞ்சிட்டான்!" என்றார்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. அந்த அம்மாவுக்கு வார்த்தை குழறியது.

"அல்ஹம்துலில்லாஹ்... நல்லா இருக்கட்டும் அந்தப் பிள்ள. தேத்தண்ணி ஊத்திக் குடுங்கோ."