உடையாமல் வந்த சரக்கு

ஆறரைக்கு வேப்பூர் சாலையிலிருந்து திரும்பியிருக்க வேண்டிய மகன் எட்டாகியும் வரவில்லை. புயல் நிவாரண நிதிக்காக அவன் கல்லூரியில் சைக்கிள் பயணம் ஏற்பாடு செய்திருந்தார்கள். மாலையெல்லாம் ஓட்டிப் பழகுவான். இரவெல்லாம் பரீட்சைக்குப் படிப்பான்.

பீங்கான் ஏற்றிய லாரி ஒன்று வாசலில் வந்து நின்றது. மேலே, சக்கரம் நெளிந்த அவன் சைக்கிள். கதவைப் பிடித்துக்கொண்டேன்.

காதில் பீடி செருகிய டிரைவர் இறங்கினார்.

"பயப்படாதீங்கம்மா. தம்பி ஓட்டிக்கிட்டே தூங்கி பள்ளத்துல வுழுந்துட்டாரு. முட்டியில சிராய்ப்புதான். வூட்டுக்கு வழி சொல்லிட்டு மறுபடியும் தூங்கிட்டாரு. லோடோட வண்டிய இங்க திருப்பிட்டேன்."

வைக்கோலில், கோப்பைகளுக்கு நடுவே, மகன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். டிரைவர் ஒரு கோப்பையை எடுத்து, விரிசல் உண்டா என்று விரலால் சுண்டிப் பார்த்தார். எங்கே வண்டியை நிறுத்தினாலும் அது அவர் பழக்கமாம்.

"எழுப்பலையா?" என்றேன்.

"உடையாம கொண்டாந்து சேக்கறதுதாங்க என் வேலை. எழுப்பறது உங்க வேலை."