கோதுமை வெளியில் ஒரு மணி நேர டாக்டர்

போன சனிக்கிழமை ஒரு மணி நேரம் நான் டாக்டராக இருந்தேன். சிரிக்காதீர்கள். எனக்கு இன்னும் கூசுகிறது.

நாங்கள் குடியிருக்கும் மல்கிரேவிலிருந்து வடமேற்கே நாலு மணி நேரம் கார் ஓட்டினால் மரங்கள் குறைந்து, குன்றுகள் மறைந்து, கடைசியில் கோதுமையும் வானமும் மட்டும் மிஞ்சும். அந்தச் சமவெளியில் ஒரு குட்டி ஊர். ஒரே தெரு, தண்டவாளத்தை ஒட்டி உயரமான தானியக் கிடங்கு, ஒரு ஹால். நானும் மனைவி உமாவும் வேறெங்கோ போகிற வழி. டாய்லெட் தேடித்தான் நிறுத்தினோம்.

ஹால் வாசலில் சிறு கூட்டம். நான் இறங்கியதுமே ஒரு வெள்ளைமுடி அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மார்கரெட், ஹால் கமிட்டித் தலைவி.

"வந்துட்டீங்களா டாக்டர். ரெண்டு வருஷமா காத்திருக்கோம்."

மறுத்திருக்க வேண்டும். நான் சிரித்தேன். அதையே அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"ஏங்க, சொல்லிடுங்க" என்றாள் உமா, காதோரம்.

"இரு, டாய்லெட் போயிட்டு வந்து சொல்றேன்."

திரும்பி வந்தால் கையில் டீ கொடுக்கிறார்கள், தட்டில் கேக் வைக்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் மொத்த ஹாலும் அமைதியாகிறது. என் ஆபீஸ் மீட்டிங்கில் ஒருமுறையாவது அப்படி நடந்திருக்கிறதா? கேக் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முடிந்தது... அதற்குள் மார்கரெட் ஊரைச் சுற்றிக் காட்டக் கிளம்பிவிட்டார்.

ரயில் வந்ததால் பிறந்த ஊராம். இப்போது ரயில் கோதுமையை மட்டும்தான் ஏற்றிக்கொள்கிறது, மனிதர்களை இல்லை. ஹால் சுவரில் போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்ப் பலகை — ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடம் மூடியது. அந்தக் கட்டடம்தான் இன்றைய கிளினிக். ஃபுட்பால் டீமுக்கு ஆள் போதாமல், பரம வைரியான பக்கத்து ஊரோடு சேர வேண்டியதாயிற்று. புது ஜெர்சியை இன்னமும் தொட மறுக்கும் பெரியவர்கள் இருக்கிறார்களாம்.

"ரயிலுக்கு முன்னாடி இங்க இருந்த பூர்வகுடிங்க?" என்று கேட்டேன்.

மார்கரெட் தலையைக் குனிந்துகொண்டார். "அவங்களை விரட்டிட்டுத்தான் வேலி போட்டோம். எந்தப் பலகையிலயும் அதை நாங்க எழுதல. எழுதணும்னு இப்பதான் பேசவே ஆரம்பிச்சிருக்கோம்."

தன் ஊரின் வெட்கத்தை முன்பின் தெரியாதவனிடம் மறைக்காமல் சொல்கிறார். பக்கத்தில் நடக்கும் நான்?

டாக்டருக்கான வீட்டைத் திறந்து காட்டினார்கள். புது பெயின்ட் வாசனை. யாரோ கையால் தைத்த திரைச்சீலை. ஃப்ரிட்ஜில் முட்டையும் பாலும். வாசலில் ப்ரூஸ் என்ற வயதான விவசாயி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என் மனைவிக்கு மூச்சுத் தொந்தரவு டாக்டர். டவுனுக்கே குடிபோகச் சொல்லிட்டாங்க. நீங்க வந்துட்டா நாங்க இங்கயே இருந்துக்கலாம்."

உமா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் வெளியே போய்விட்டாள்.

இப்போது சொல்லியே ஆக வேண்டும். ஆனால் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? தேடிக்கொண்டிருக்கும்போதே உமா திரும்பி வந்தாள், ஒரு இளம்பெண்ணோடு.

"இவங்கதான் டாக்டர்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

சிட்னி பென்டில் ஹில்லிலிருந்து ஊரைப் பார்த்து, இந்த வேலையை ஏற்பதா என்று முடிவெடுக்க வந்தவர். ஜிபிஎஸ் அவரைக் கிளினிக் வாசலில் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

"கிளினிக் வாசல்ல எவ்வளவு நேரமா நிண்டனான் அண்ணா. ஒரு சனத்தையும் காணேல்ல" என்றார் என்னிடம். "இவைக்கு டொக்டர் தேவையில்லைப் போல எண்டு காரைத் திருப்பிப்போட்டன். அக்காதான் மறிச்சவ."

ஊரே என் பின்னால் சுற்றிக்கொண்டிருந்ததல்லவா.

"நான் டாக்டர் இல்லை. சாஃப்ட்வேர் வேலை. முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றேன்.

யாராவது திட்டியிருந்தால் தேவலை. ப்ரூஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மார்கரெட்டோ அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். "தமிழ் டாக்டர் வர்றாங்கன்னதும் ஆம்பளையாத்தான் இருப்பார்னு நினைச்சுட்டோம். எங்க தப்பு." என் தப்பையும் சேர்த்துத் தானே சுமந்துகொண்டார். சண்டை போட்டு அனுப்பிவிட அந்த ஊரில் உபரியாக ஆட்கள் இல்லை. ஒவ்வொருவரும் வேண்டும்... வழி தப்பி வந்தவன்கூட.

மறுபடி கிளம்பியபோது காரை உமா ஓட்டினாள். நான் ரேடியோவைத் தொடவில்லை.

நேற்று அந்த டாக்டர் உமாவுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார்: 'அக்கா, ஆறு மாசம் இருந்து பாக்கப்போறன். ப்ரூஸ் அங்கிளின்ர மனிசிதான் முதல் பேஷன்ட்.' என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுவே பெரிய உபகாரம்.

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்று உமாவிடம் வாதாடிப் பார்த்தேன். "உண்மையையும் சொல்லலையே" என்றாள்.

தவறான விலாசத்துக்கு வரும் மரியாதையைப் பிரித்துப் பார்க்காதீர்கள் — வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.