நோபல் பார்க்கில் டிஜிட்டல் வானொலிக்கு நேயர்களைத் தேடிப் போனோம்

போன மார்ச்சில் சிட்னியிலிருந்து மெல்போர்னுக்குக் காரில் போய்வந்தேன். சுற்றுலா இல்லை. அங்குள்ள ஒரு சமூக வானொலி, தன் தமிழ் நிகழ்ச்சியைப் பண்பலையிலிருந்து எடுத்து டிஜிட்டல் துணை அலைவரிசைக்கு மாற்றியிருந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரமாக இருந்தது நாள் முழுக்க ஆனது. ஆனால் நேயர்கள் பாதிப்பேர்கூடப் பின்னால் வரவில்லை. எங்கள் சிட்னி நிலையம் இந்த மாற்றத்தை முன்பே செய்திருந்ததால் உதவிக்குக் கூப்பிட்டார்கள்.

நான் சிட்னியின் புறநகரான கெல்லிவில்லில் இருக்கிறேன். வார நாட்களில் ஐ.டி. வேலை, வாரக்கடைசியில் அறிவிப்பாளர். கூட வந்தவர் செவன் ஹில்ஸ் கலா அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் நிலையத்தின் மூத்த குரல்.

வெள்ளி காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஹியூம் நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய 880 கி.மீ. டிஜிட்டல் ஒலிபரப்பு பெருநகரைத் தாண்டி அதிக தூரம் எட்டாது. பண்பலை என்றால் இரைச்சலோடு கொஞ்ச தூரம் கூட வரும். எங்கள் டிஜிட்டல் ஒலிபரப்போ சிட்னியைத் தாண்டியதும் பிக்டன் பக்கம் சட்டென்று நின்றுவிட்டது. பாதி வழி தாண்டி ஆல்பரி ஆற்றங்கரையில் கட்டிவந்த புளிச்சாதம் சாப்பிட்டோம். மெல்போர்னின் புறநகரான நோபல் பார்க் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்தரை.

சனிக்கிழமை, ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு மளிகைக்கடை வாசலில் மேசை போட்டோம். அந்த நிலையத்தின் தமிழ்ப் பொறுப்பாளர் சிவா, இரண்டு டிஜிட்டல் வானொலிப் பெட்டிகளைப் பாடவிட்டு, அலைவரிசைப் பெயர் அச்சிட்ட ஸ்டிக்கர்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். இளசுகள் ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர் ஸ்டிக்கரை வாங்காமல் நின்றார். பெயர் யோகராசா, டான்டினாங்கில் தொழிற்சாலை வேலை.

“அப்ப நிகழ்ச்சி நிண்டுபோகேல்லையோ?” என்று கேட்டார்.

“இல்லை அண்ணை. போன வருஷம் டிஜிட்டலுக்கு மாறினது,” என்றார் சிவா.

“நான் நிண்டுபோச்செண்டெல்லோ நினைச்சன்.”

பிறகு மெதுவாகச் சொன்னார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ரவி என்ற நண்பரோடு ஒரே அறையில் ஆறு வருடம் இருந்திருக்கிறார். பின்னால் ரவி நகரத்தின் மறுபக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார். பேச்சு தீபாவளி, பொங்கல் என்று சுருங்கியது.

“மாசியில செத்துப்போனான். மரண அறிவித்தல் உங்கட றேடியோவிலதான் போனதாம். எனக்குத் தெரியாது. போன கிழமை சும்மா கதைப்பமெண்டு போன் எடுத்தனான். அவன்ர மனுசிதான் எடுத்தவா. ‘றேடியோவில கேட்டிருப்பியள், ஏன் வரேல்லை எண்டு யோசிச்சன்’ எண்டா.”



முகநூல், வாட்ஸ்அப், புதிய அலைவரிசை எல்லாவற்றிலும் விளம்பரம் செய்ததாகச் சிவா சொன்னார்.

“பழைய பண்பலை நேரத்தில?” என்று கலா அக்கா கேட்டார்.

“ஒரு மாசம் சொன்னனாங்கள்.”

“அந்த மாசம் நான் யாழ்ப்பாணத்தில நிண்டனான்,” என்றார் யோகராசா.

அந்தப் பண்பலை நேரம் இப்போது தென்சூடான் மக்களுடையது. இன்னொருவர் நேரத்தில் இடம் கேட்கச் சிவாவுக்குத் தயக்கம். கலா அக்கா விடவில்லை. அதை நடத்தும் பெண்மணியைத் தொலைபேசியில் பிடித்து, நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னார். கேட்டு முடித்ததும் அந்தப் பெண்மணி, எங்கள் ஆட்களும் சாவுச் செய்தி கேட்கத்தான் வானொலி போடுகிறார்கள், தொடக்கத்தில் ஒரு நிமிடம் உங்களுக்கு என்றார்.

அலைவரிசை மாறியதைச் சொல்லும் அந்த ஒரு நிமிட அறிவிப்பைத் தெருச் சத்தம் கேட்காமல் ஒலிப்பதிவு செய்ய யோகராசாவின் காரில் ஏறினோம். “பழைய றேடியோவில கேக்காது எண்டதையும் சொல்லுங்கோ. இல்லாட்டி சனம் திருகிக்கொண்டே இருக்கும்,” என்றார் அவர். அதையும் சேர்த்துக் கலா அக்கா பேசி முடித்தார்.

முன் இருக்கையில் இருந்த நான் கார்த் திரையைக் கவனித்தேன். டிஜிட்டல் வசதி அதிலேயே இருந்தது. தொட்டதும் சிவாவின் அலைவரிசை பாடியது.

“இது முதலே இதுக்குள்ள இருந்ததோ?” என்று யோகராசா கேட்டார்.

“ஆமா அங்கிள்.”

 பாட்டு முடிந்ததும் அவர், “நான் ரவி வீட்டுக்குப் போயிட்டு வாறன். இவ்வளவு நாளும் போக முகமில்லை,” என்றார். நாங்கள் இறங்கிக்கொண்டோம்.

அலைவரிசையைப் பிரபலப்படுத்தப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். புதிய அலைவரிசையில் செய்யும் விளம்பரம், ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்குத்தான் கேட்கும். பழைய இடத்தில் ஒரு வருடமாவது சொல்லுங்கள். கடை வாசலில் பெட்டியை மட்டும் காட்டாதீர்கள், வந்தவரின் காரையும் பாருங்கள்; புதிய கார்கள் பலவற்றில் வசதி இருக்கிறது. சாலைவழி போனால் பெட்ரோலுக்குப் போகவர இருநூறு டாலருக்குக் குறையாது. ஒரே நாளில் ஓட்டுவதானால் இரண்டு ஓட்டுநர் வேண்டும்.

நாங்கள் திரும்பிய அடுத்த ஞாயிறு, மாற்றத்துக்குப் பிறகு போன மரண அறிவித்தல்கள் அனைத்தையும் சிவா மறுபடி வாசித்தார். செவன் ஹில்ஸில், கலா அக்காவின் குசினியில் கைபேசி வழியாகக் கேட்டோம். முடிய நெடுநேரம் ஆனது. ரவியின் பெயர் வந்தபோது அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.